டிஷு ரோலில் சூரியக் குடும்பம்

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவர்கள், பேசுவதற்கு விஷயம் தேடிக்கொண்டே இருப்போம். அப்படித்தான் ‘தி டவுன்லிங்க்’ என்ற மின்மடலுக்குப் பதிந்தேன். கார்ல் சேகன், புரூஸ் மர்ரே, லூயிஸ் ஃபிரீட்மன் மூவரும் 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய பிளானட்டரி சொசைட்டி அதை வாராவாரம் அனுப்புகிறது. எந்த விண்கலம் எங்கே போகிறது, என்ன படம் எடுத்தது எல்லாம் அதில் வரும். கட்டணம் இல்லை.

இதை ஒருநாள் நிகழ்ச்சியில் சொன்னேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் அழைத்தார். “தம்பி, இது மாதிரி மடல் எல்லாம் நான் பல வருஷமா வாங்குறேன். வகுப்புக்குள்ள கொண்டு போறதுதான் பெரும்பாடு” என்றார்.

இந்த வழக்கம் பழையது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1889இல் பிறந்த பசிபிக் வானியல் கழகம், மின்னஞ்சல் பரவாத 1980களிலேயே ஆசிரியர்களுக்கென ‘வகுப்பறையில் பிரபஞ்சம்’ என்ற பொருளில் ஒரு மடலை அச்சிட்டு இலவசமாக அனுப்பியது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் 2014 முதல் மார்ச் மாதத்தில் ‘பை’ தினக் கணக்குகளைத் தருகிறது. உண்மையான விண்பயணங்களில் வரும் கணக்குகள் அவை. நாசா எடுத்த படங்களுக்குப் பெரும்பாலும் காப்புரிமை கிடையாது. வகுப்பில் தாராளமாகக் காட்டலாம்.

ஆசிரியைக்குப் பிடித்த பாடம் டிஷு ரோல். ஒரு தாள் 15 மில்லியன் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து புதனுக்கு 4 தாள், பூமிக்கு 10, செவ்வாய்க்கு 15. அதுவரை பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். வியாழனுக்கு 52, சனிக்கு 95. நெப்டியூன் 301ஆவது தாளில். ஒரு ரோல் போதாது. நிலா எங்கே என்று ஒரு மாணவன் கேட்டானாம். பூமியிலிருந்து மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு! மனிதன் கால் வைத்த தூரம் அவ்வளவுதான் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டதாம். புத்தகத்தில் எட்டுக் கோள்களும் வரிசை பிடித்து நிற்கும் படத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கும் அது புதிது.

ஆனால் ஒரு சிக்கல். மடல் ஆங்கிலத்தில் வருகிறது. அதை அகராதி வைத்துச் சமாளிக்கலாம். வானமும் அமெரிக்க வானம்! துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள் என்று எழுதியிருக்கும். கோலாலம்பூரில் அது அடிவானத்தை ஒட்டிக் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். அங்குள்ள கிழக்குக் கடற்கரை நேரத்துடன் கோடையில் 12 மணி நேரம் கூட்ட வேண்டும், குளிர்காலத்தில் 13. 2025 செப்டம்பர் 8 அதிகாலை 1.30 முதல் 2.52 வரை நம் தலைக்கு மேல் முழு நிலா சிவந்து நின்றது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் அந்தக் கிரகணம் தெரியவில்லை. அங்கிருந்து வரும் வான நாட்காட்டியை மட்டும் நம்பியிருந்தால் நாம் தூங்கியிருப்போம்.

ஆசிரியை இப்போது மடலில் இல்லாத பாடம் ஒன்றை வைத்திருக்கிறார். சூரியன் ஆண்டுக்கு இரு முறை நம் உச்சிக்கு வரும். கோலாலம்பூரில் மார்ச் 28, செப்டம்பர் 15 வாக்கில். மலேசிய தினத்துக்கு முதல் நாள், பள்ளி முடிந்து பிற்பகல் 1.10க்கு, பிள்ளைகளைக் கொடிக்கம்பத்தடியில் நிறுத்தி நிழலைத் தேடச் சொல்லப் போகிறாராம். “நீங்களும் வாங்க தம்பி, மைக்கோட” என்றார்.