ஆண்டர்ஸ்: பொய் சொல்லி வேலை வாங்கிய தோழன்

ஒரு பாத்திரம் ‘நன்றாக எழுதப்பட்டிருக்கிறது’ என்று சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம்? அவன் செய்தது சரி என்பதையா, அவன் ஏன் செய்தான் என்பது புரிகிறது என்பதையா, அல்லது அவன் நம்மைத் தூங்கவிடவில்லை என்பதையா? இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு பதினைந்து ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு சண்டையில் நானும் கொஞ்சம் தலையை நுழைக்கிறேன். சண்டை ஒரு கணினி விளையாட்டுப் பாத்திரத்தைப் பற்றியது. ‘என்ன தோழர், சின்னப் பசங்க ஆடுறதை எடுத்து வச்சுக்கிட்டு’ என்று நண்பரொருவர் கேட்டார். ஆடிப் பார்த்துட்டுப் பேசுங்க என்றேன். ஆடினார். பிறகு என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2011 மார்ச்சில் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ் 2’ என்ற விளையாட்டில் வருபவன் ஆண்டர்ஸ். இவ்வகை விளையாட்டுகளில் நாம் நடத்திச் செல்லும் நாயகப் பாத்திரத்தோடு (இங்கே ஹாக்) நாலைந்து துணைப் பாத்திரங்கள் கூடவே வருவார்கள். சண்டையிடுவார்கள், கேலி செய்வார்கள், காதலிக்கவும் செய்வார்கள். நம் செயல்களை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை எந்திரம் எண்களாகக் கணக்கு வைத்திருக்கும். நட்பு ஒரு பக்கம், எதிர்ப்பு மறுபக்கம்.

ஆண்டர்ஸின் உலகத்தில் மந்திர ஆற்றலோடு பிறப்பது குற்றம். அப்படிப் பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கோபுரங்களில் அடைக்கிறது திருச்சபை. காவலுக்கு டெம்ப்ளர் என்ற படை. அடங்காதவர்களுக்கு ‘சாந்தப்படுத்துதல்’ என்றொரு சடங்கு: நெற்றியில் முத்திரை வைத்துக் கனவையும் உணர்ச்சியையும் துண்டித்துவிடுவார்கள். ஆண்டர்ஸ் பலமுறை தப்பியோடியவன். கிர்க்வால் நகரின் அடித்தளக் குடியிருப்பில் அகதிகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிறான். தான் நேசித்த கார்ல் என்பவனை மீட்கப் போகும்போது, அவனை ஏற்கனவே சாந்தப்படுத்திவிட்டிருக்கிறார்கள். நெற்றி முத்திரையோடு அவன் திரும்பிப் பார்க்கும் அந்தக் காட்சிக்குப் பிறகு ஆண்டர்ஸின் கோபத்துக்கு வேறு விளக்கம் தேவையே இல்லை.

ஆனால் பிரதி விளக்கம் தருகிறது. வந்தது வினை. ஆண்டர்ஸுக்குள் ‘நீதி’ என்ற பெயருடைய ஓர் ஆவி குடியிருக்கிறது. தோழனுக்கு உதவப்போய்த் தன் உடம்பையே அதற்குக் கொடுத்தான். இவனுடைய கோபம் பட்டு அது ‘பழி’யாகத் திரிந்துவிட்டது. இரண்டாம் பகுதியில், தான் காப்பாற்ற வந்த ஒரு மந்திரக்காரச் சிறுமியையே கொல்ல ஓங்குகிறான். நாம் பேசித் தடுக்காவிட்டால் கொன்றே விடுவான். இறுதியில் நகரின் திருச்சபைக் கட்டடத்தை உள்ளிருப்பவர்களோடு வெடிவைத்துத் தகர்க்கிறான். சமரசத்துக்கான வாய்ப்பையே அழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஒரு பெட்டிமேல் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறான். கொல்லலாம், விரட்டலாம், கூட வைத்துக்கொள்ளலாம். அது நம் கையில்.

அவனை மோசமான எழுத்து என்பவர்களின் முதல் வாதம், 2010இல் வந்த ‘அவேக்கனிங்’ விளையாட்டில் பூனைக்குட்டி வைத்துக்கொண்டு நக்கலடித்துத் திரிந்தவன் எப்படி இப்படி ஆனான் என்பது. இந்த வாதம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. நக்கலடித்துத் திரிந்தவர்கள் இறுகிப்போவதை நாம் பார்த்ததில்லையா என்ன.

என்னை உறுத்துவது வேறொன்று. டெம்ப்ளர் தலைவி மெரடித் ஏன் கொடுமைக்காரியானாள்? சபிக்கப்பட்ட செந்நிறக் கனிமத்தில் செய்த வாள் அவள் புத்தியைக் கெடுத்துவிட்டதாம். மந்திரக்காரர்களின் தலைவன் ஆர்சினோ? நாம் அவன் பக்கமே நின்றாலும் ரத்த மந்திரம் செய்து பிணக்குவியலாலான மிருகமாகிறான். ஆண்டர்ஸுக்கு ஆவி. ஆகமொத்தம், ஒரு அரசியல் மோதலின் மூன்று முனைகளும் நோய்க்கூறுகளாக மாற்றப்பட்டுவிடுகின்றன. கோபுரத்தில் அடைப்பது ஒரு நிறுவனத்தின் அன்றாட அலுவல். அதற்கு எந்தச் சாபமும் தேவைப்படவில்லை. எதிர்த்தவனுக்கு மட்டும் பேய் பிடிக்க வேண்டியிருக்கிறது. கலகம் செய்பவனைப் பைத்தியக்காரனாக்கும் பழைய சொல்லாடல்தான் இது.

இதற்கு அந்தப் பிரதிக்குள்ளேயே ஒரு மறுப்பு கிடக்கிறது. முழுக் கதையும், வாரிக் என்ற குள்ளன் திருச்சபையின் விசாரணை அதிகாரி கசாண்ட்ராவிடம் கொடுக்கும் வாக்குமூலம். ஆரம்பத்திலேயே அவன் அளந்துவிட, அவள் பொய் என்று மறுக்கிறாள். அதிகாரத்தின் முன் உட்கார்ந்து தன் நண்பர்களைக் காப்பாற்றப் பேசுகிறவன் ‘அவனுக்குள்ள வேற ஒண்ணு இருந்துச்சும்மா’ என்றுதானே சொல்வான்? எழுதியவர்கள் இதை நினைத்தார்களா தெரியாது. வாசிக்க இடமிருக்கிறது, வாசிக்கிறேன்.

இன்னொரு துணைவன் ஃபென்ரிஸ், மந்திரக்காரர்கள் ஆளும் டெவின்டர் நாட்டில் அடிமையாயிருந்து தப்பியவன். ஆண்டர்ஸின் விடுதலை அவனுக்குக் கொடுங்கனவு. ஒரே ஒடுக்குமுறையை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர்களின் வாய்ச்சண்டை நல்ல மருந்து.

என் தீர்ப்பை மாற்றிய இடத்துக்கு வருகிறேன். மூன்றாம் பகுதியில் ஆண்டர்ஸ் சில பொருள்களைச் சேகரித்துத் தரச் சொல்கிறான். தன்னையும் ஆவியையும் பிரிக்கும் மருந்துக்கு என்கிறான். சாக்கடைகளில் தேடிப் பொறுக்குகிறோம். ‘மூன்று மூலிகை கொண்டுவா, ஐந்து தோல் கொண்டுவா’ என்ற ஏவல்கள் இவ்வகை விளையாட்டுகளில் ஆயிரம். யாரும் எதற்கென்று கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தையே பிரதி நமக்கெதிராகத் திருப்புகிறது. நாம் பொறுக்கியது வெடிமருந்து. அடுத்து, திருச்சபைத் தலைவி எல்தினாவிடம் கொஞ்சம் பேச்சுக்கொடுத்துக்கொண்டிரு என்கிறான். கொடுக்கிறோம். நாவலில் வாசகன் ஏமாறலாம், ஆனால் அவன் கை எதையும் தூக்குவதில்லை. இங்கே தூக்குகிறது.

மாணவப் பருவத்தில் நான் மதித்த ஒருவர் ஒரு பையைக் கொடுத்துப் பக்கத்து ஊரில் சேர்க்கச் சொன்னார். புத்தகம் என்றார். பஸ் நிலையத்தில் போலீஸ் நின்றது, என்னைச் சோதிக்கவில்லை. அனுமதி மறுக்கப்பட்ட கூட்டத்துக்கான துண்டறிக்கைகள் அவை என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லியிருந்தாலும் எடுத்துப் போயிருப்பேன். அதை அவர் கேட்கவே இல்லை என்பதுதான் இன்றுவரை ஆறாதது.

அந்த ஆறாமையை எழுத்தில் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதால் ஆண்டர்ஸ் நன்றாக எழுதப்பட்ட பாத்திரம் என்கிறேன். குறையும் அங்கேயேதான் இருக்கிறது. உதவ மறுத்தாலும் வெடி வெடிக்கிறது. அது பரவாயில்லை, ஹாக் ஒன்றும் வரலாற்றின் முதலாளி இல்லை. ஆனால் ‘என்னிடம் உண்மையைச் சொல், யோசித்துச் சொல்கிறேன்’ என்று விடாப்பிடியாக நின்று அவனோடு வாதாட வழியில்லை. எண்ணிக்கை முழுக்க நட்பின் பக்கம் ஏறியிருந்தாலும் அவன் வாய் திறப்பதில்லை. நட்பை அளக்க எண் வைத்திருக்கும் எந்திரம், தெரிந்தே சம்மதிக்கும் தோழமைக்கு ஒரு வரி உரையாடல்கூட வைக்கவில்லை.

நண்பர் அவனை முதுகில் குத்திக் கொன்றாராம். நான் முதல்முறை விரட்டிவிட்டேன். இரண்டாம் முறை ஆடியபோது, என்னவென்று தெரிந்தே அந்தச் சாக்கடைகளில் இறங்கினேன். எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தேன். அவன் அப்போதும் மருந்துக்கு என்றுதான் சொன்னான்.