குரலைத் தெரிபவரும் கேட்பவரும்

1939ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே, ‘வோடர்’ என்னும் பேசும் யந்திரத்தைப் பெல் ஆய்வுகூடத்தார் மக்கள் முன் வைத்தனர். நீண்ட பயிற்சி பெற்ற பெண்மணிகள், பியானோ வாசிப்பார் போன்று விசைகளை அழுத்தி அதனைப் பேசச் செய்தனர். இன்றோ எழுத்தைக் கொடுத்தால் கணினி தானே வாசிக்கின்றது. பாடசாலைகளும் நூலகங்களும் தம் கணினிகளுக்கு இத்தகைய வாசிப்புக் குரலைத் தெரிவு செய்கின்றன. ஆயின், தெரிபவர் ஒருவர். நாள்தோறும் கேட்பவர் வேறொருவர். இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகின்றது.

தெரிபவர் இரண்டு நிமிடம் கேட்டு, இனிய குரலையே விரும்புவர். பார்வையற்ற மாணவனோ பாடநூல் முழுவதையும் அதன் வழியே படித்தாகவேண்டும். பழகிய செவியினர் சாதாரண பேச்சினும் இருமடங்கு, சிலர் மும்மடங்கு வேகத்திற் கேட்பர். மனிதர் பேச்சைப் பதிவு செய்து, துண்டுகளாக்கி இணைத்த குரல்கள் அவ்வேகத்தில் மங்கிவிடுவதுண்டு. ஒலியைக் கணக்கிட்டே ஆக்கும் ‘ஈஸ்பீக்’ குரலில் இனிமை சிறிதுமில்லை. எனினும் விசையை அழுத்தியவுடன் பேசும், விரைவிலும் சொல் தெளிவாயிருக்கும், விலையுமில்லை, தமிழும் வாசிக்கும். ‘என்விடிஏ’ என்னும் இலவசத் திரைவாசிப்பான் இதனை உடன்கொண்டே வருகின்றது. விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங், மேலான குரல்கள் வந்த பின்னரும், 1980களில் பெற்ற யந்திரக் குரலை 2018இல் இறக்கும்வரை விட்டாரில்லை.

தமிழுக்கு வருவோம். நம் எழுத்தில் ககரம் ஒன்றே. ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘அகம்’ என்பவற்றில் அது மூவகையாய் ஒலிக்கின்றது. இதற்கு விதியுண்டு, யந்திரத்துக்குக் கற்பித்துவிடலாம். ஆனால் ‘பாவம்’ என்பது தீவினையா, நடனத்தில் வரும் மெய்ப்பாடா? ‘பஸ்’ என்பதன் முதலெழுத்தை எவ்வாறு ஒலிப்பது? இங்கே விதி கைவிடுகின்றது. இலங்கையர்க்கு மற்றுமொரு சங்கடமுண்டு. ‘காற்று’, ‘வெற்றி’ என்பவற்றைத் தமிழகத்தார் ரகரம் கலந்தாற்போல ஒலிப்பர். நாம் அது கலவாது ஒலிப்போம். ஆகவே, குரல் எந்நாட்டுப் பேச்சை ஒட்டியதென வினவுதல் வேண்டும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் இலங்கைத் தமிழுக்கெனத் தனிக் குரல்களை வைத்துள்ளனர். கேட்க நல்லனவே, ஆனால் அவை பொதுவாக இணையத் தொடர்பை வேண்டுவன. தொடர்பு அறுந்ததும் மௌனமாகும் குரலைப் பரீட்சை நாளில் நம்பியிருத்தல் இயலுமா?

விற்பனையாளர் காட்டும் மாதிரி வாசகத்தை நாம் ஒதுக்கிவிடலாம். மாணவர் படிக்கும் வரலாற்றுப் பாடத்தில் ஒரு பக்கத்தையும் பழைய வினாத்தாள் ஒன்றையும் கொடுத்து வாசிக்கச் செய்க. ‘மு.ப. 9.30’ என்பதை முற்பகல் என விரிக்கின்றதா, வெறும் ‘மு, ப’ என்கின்றதா? அரைமணி நேரம் அம்மாணவனே, தான் விரும்பும் வேகத்தில், கேட்டுத் தீர்ப்புக் கூறட்டும். பலர் பயிலும் கூடமாயின், அவரவர்க்குரிய குரலும் வேகமும் கணினியில் தனித்தனியே பதிந்திருத்தல் வேண்டும். ஹெட்போனுக்கும் பணம் ஒதுக்குக. பத்துக் கணினிகள் ஒருங்கே வாசிக்கத் தொடங்கினால் கூடம் சந்தையாகிவிடும்.