காவலர் கைத்துப்பாக்கியின் பராமரிப்பு

பொரளையை அடுத்த ரொஸ்மீட் பிளேஸில், 1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் காலை, பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தம் இல்லத்தில் றிவோல்வரால் சுடப்பட்டார். மறுநாள் உயிர் நீத்தார். சுட்டவர், அங்கு காவல் நின்றவரின் சூட்டினாற் காயமுற்றுப் பிடிபட்டார். பன்னாள் வாளாவிருக்கும் காவலாயுதம் ஒரே கணத்தில் வேண்டப்படும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

அக்கணத்தில் ஆயுதம் பழுதின்றி இயங்க வேண்டுமாயின், நாள்தோறும் அதனைப் பேணுதல் அவசியம். கொழும்பின் உப்புக்காற்றும் உடலின் வியர்வையும் உருக்கை அரிப்பன. தோலுறை ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். ஆதலின் கைத்துப்பாக்கியை நெடுநாள் உறையிலேயே விட்டுவைத்தல் தகாது. துப்புரவு செய்யுமுன், ரவைகளை அகற்றி, அறைகள் வெறுமையாயுள்ளனவா என இருமுறை நோக்குதல் முதல் விதி. பின்னர் குழலிற் படிந்த கரியைத் தூரிகையால் நீக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெயை மென்மையாகப் பூசுதல் வேண்டும். எண்ணெய் மிகுந்தால் தூசி சேரும். ரவையின் அடியிலுள்ள தீமருந்தினுட் கசிந்து அதனைப் பயனற்றதாக்குதலும் கூடும்.

துடைத்து வைத்தல் மட்டும் போதாது. சுடுதிடலில் முறையாகப் பயிலும்போதே தளர்ந்த சுருள்வில்லும் பழுதுபட்ட ரவையும் வெளிப்படும். கையும் கண்ணும் ஒருங்கியங்கப் பழகும். திடலிற் கண்ட பழுதைத் திருத்திக்கொள்ளலாம். ஆபத்து வேளையிற் காணும் பழுதைத் திருத்த அவகாசம் இராது.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி, பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். கடமைக்காயினும் அனுமதியினாலாயினும் ஆயுதம் தாங்குவோர் எவருக்கும் இப்பேணுதல் பொதுவான பொறுப்பாகும்.