ஒரு ரீச்சர் தனியச் செய்யிற வேலை இல்லை இது

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் சமூகக்கல்வி படிப்பிக்கிறேன். 9ஆம் வகுப்பு, பதினான்கு வயதுப் பிள்ளைகள். நோர்வேயில் 2020இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக மூன்று விசயங்களை வைத்திருக்கிறார்கள்: உடல்நலமும் வாழ்க்கைத் திறனும், ஜனநாயகமும் குடியுரிமையும், நிலைபேறான வளர்ச்சி. நடுவில் இருக்கிற அந்த ஜனநாயகத்தை நான் நல்ல வடிவாப் படிப்பிக்கிறேன் எண்டுதான் கனகாலம் நினைச்சுக் கொண்டிருந்தேன்.

சில வருசங்களுக்கு முதல் ஒரு திங்கட்கிழமை என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வரவில்லை. அவளுடைய படத்தை யாரோ அசிங்கமாக மாற்றி, சனிக்கிழமை இரவு வகுப்பின் ஸ்நாப்சட் குழுவில் போட்டிருந்தார்கள். குழுவில் 26 பிள்ளைகள். கிட்டத்தட்ட எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சிலர் சிரிச்ச முகம் போட்டிருக்கிறார்கள். "இதை எடு" எண்டு ஒருத்தரும் எழுதவில்லை.

அதுக்கு முதல் வாரம்தான் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பரீட்சை வைத்திருந்தேன். எல்லாரும் நல்ல புள்ளி. படத்தைப் போட்ட பெடியனைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவன் சொன்னான்: "நீங்கள்தானே சொன்னீங்கள், கருத்துச் சுதந்திரம் எண்டு." எனக்கு முகத்தில் அடிச்ச மாதிரி இருந்தது.

அதிபர் தன் கடமையைச் செய்தார். பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்து, படத்தை அழிப்பித்தார்கள். ஆசிரியர் அறையில் ஒருவர், "இது கணினிப் பாட ஆளின்ர வேலை, நீங்கள் ஏன் தலையைப் போட்டு உடைக்கிறீங்கள்" என்றார். எனக்கு அந்தப் படத்தைப் போட்டவனை விட, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த மற்றவர்கள்தான் மனதை அரித்தார்கள்.

அந்த மௌனம் எனக்குப் புதிது இல்லை. யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் வளர்ந்தவள் நான். "வாயைக் குடுத்து மாட்டுப்படாதே" எண்டு அம்மா நாளுக்கு நாலு தரம் சொல்லுவா. அது அப்போது உயிரைக் காத்த புத்தி. அந்தப் புத்தியோடு வளர்ந்த நான், பேசு எண்டு இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கிறது? புத்தகத்தில் விடை இருக்கவில்லை.

எங்கள் பாடசாலை நூலகர்தான் இ-ட்வின்னிங் பற்றிச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தொடங்கிய திட்டம் இது. 2022இலிருந்து ஐரோப்பியப் பாடசாலைக் கல்வித் தளம் என்கிற ஒரே இடத்துக்குள் வந்துவிட்டது. நோர்வே ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இந்தத் திட்டத்தில் இருக்கிறது. ஆசிரியர்கள் பதிந்து, இன்னொரு நாட்டு ஆசிரியரோடு சேர்ந்து வகுப்புத் திட்டம் நடத்தலாம். காசு இல்லை. நீங்கள் உண்மையிலேயே ஆசிரியர்தானா என்று அந்தந்த நாட்டு அலுவலகம் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். பிள்ளைகள் வேலை செய்கிற இடமும் வெளியாட்களுக்குத் திறக்காது. பெற்றோருக்கு இதை முதலிலேயே சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

நான் நாலு வரி எழுதிப் போட்டேன்: "வகுப்புக் குழுக்களில் நடக்கும் அவமானப்படுத்தல் பற்றி ஒரு திட்டம் செய்ய ஆள் தேடுகிறேன்." இரண்டு கிழமையில் போர்த்துக்கலில் இருந்து ஒருவரும் கிரேக்கத்தில் இருந்து ஒருவரும் பதில் போட்டார்கள். முதல் காணொளிக் கூட்டத்தில் எனக்கு இரவு 8 மணி, போர்த்துக்கலில் 7, கிரேக்கத்தில் 9. தங்கள் பாடசாலையில் மட்டும்தான் இப்படி நடக்கிறது எண்டு மூன்று பேரும் தனித்தனியே வெட்கப்பட்டுக் கொண்டு இருந்திருக்கிறோம். அன்றைக்கு அரைமணித்தியாலம் திட்டம் ஒண்டும் போடவில்லை, மனம் விட்டுக் கதைத்தோம். அதுவே பெரிய ஆறுதல்.

திட்டம் எளிமையானது. உண்மைச் சம்பவம் எதையும் எடுப்பதில்லை, பிள்ளைகளின் படம் எதையும் போடுவதில்லை எண்டு முதலே முடிவெடுத்தோம். கற்பனையாக ஒரு வகுப்புக் குழுவை உருவாக்கி, அதில் மாற்றப்பட்ட படம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொண்டோம். மூன்று நாட்டுப் பிள்ளைகளையும் ஆறு ஆறு பேராகக் கலந்து, "நீ என்ன செய்வாய்?" என்று கேட்டோம்.

முதல் மாதம் சரியாகப் போகவில்லை. என் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கை வந்ததால் அவர்களே கடகடவென்று எழுதித் தள்ளினார்கள். கிரேக்கப் பிள்ளைகள் ஒதுங்கிவிட்டார்கள். ஜனநாயகம் படிப்பிக்க வெளிக்கிட்டு, சத்தமாகக் கதைக்கிறவன் வெல்லுகிற இடத்தைத்தான் உருவாக்கி இருந்தோம். நிற்பாட்டினோம். முதலில் ஒவ்வொருவரும் தன் மொழியில் எழுத வேண்டும், பிறகு குழுவாகச் சேர்ந்து மொழிபெயர்க்க வேண்டும் என்று மாற்றினோம்.

அதுக்குப் பிறகுதான் ஒரு கிரேக்கப் பிள்ளை எழுதியது வெளியில் வந்தது. "எல்லாரும் படத்தைப் போட்டவனுக்கு என்ன தண்டனை எண்டே எழுதியிருக்கிறீங்கள். அந்தப் பிள்ளைக்கு ஆர் மெசேஜ் போட்டது?"

என் வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசியில் மூன்று வகுப்பும் ஒப்புக்கொண்ட விதிகளில் முதலாவது இதுதான்: பாதிக்கப்பட்ட ஆளுக்கு உடனே தனியாக எழுது, "நான் பார்த்தேன், இது சரியில்லை" என்று.

சம்பவத்தில் பாதிக்கப்பட்ட என் மாணவி மொழிபெயர்ப்பு வேலையை மட்டும் எடுத்துச் செய்தாள். அதிகம் பேசவில்லை. ஆண்டு முடிவில் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அண்டைக்கு ஒராள் எழுதியிருந்தால் எனக்குக் காணும்." மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்தக் குழுவில் பிறகும் சண்டை வந்தது. ஆனால் அடுத்த முறை ஒரு பகிடி எல்லை தாண்டியபோது, "எடு" என்று இரண்டு பேர் எழுதினார்கள்.

பிறகுதான் இந்த வேலைக்குப் பின்னால் பெரிய அடித்தளம் ஒன்று இருப்பது தெரிந்தது. ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் உள்ள ஐரோப்பியப் பேரவை, ஐரோப்பிய ஒன்றியம் அல்ல. எங்கட ஆட்கள் பலர் இரண்டையும் குழப்புவது உண்டு. இந்தப் பேரவையில் 46 நாடுகள். ஜனநாயகப் பண்பாட்டுக்கு ஒரு பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று 20 திறன்களைப் பட்டியலிட்டு, 2018இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். மூன்று விழுமியங்கள், ஆறு மனப்பாங்குகள், எட்டு ஆற்றல்கள், மூன்று அறிவுப் பகுதிகள். கவனித்துக் கேட்பதும், அடுத்தவர் நிலையில் நின்று உணர்வதும் அதில் உண்டு. டிஜிட்டல் குடியுரிமைக்கு வேறாகப் பத்துப் பகுதிகள்: ஊடக அறிவு, தனியுரிமை, இணையத்தில் நலமாக இருத்தல் என்று போகும். 2025ஆம் ஆண்டையே டிஜிட்டல் குடியுரிமைக் கல்விக்கான ஐரோப்பிய ஆண்டாக அறிவித்திருந்தார்கள்.

ஒஸ்லோவில் ஐரோப்பிய வேர்கெலான் நிலையம் இருக்கிறது. நோர்வேயும் ஐரோப்பியப் பேரவையும் சேர்ந்து 2008இல் உருவாக்கியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுக்கிறார்கள், ஊத்தோயா தீவோடு சேர்ந்தும் வேலை செய்கிறார்கள். 2011 ஜூலை 22இல் 77 பேர் கொல்லப்பட்டார்கள், அந்தத் தீவில் மட்டும் 69 பேர், பெரும்பாலும் இளம் பிள்ளைகள். கொலைகாரன் தன் வெறுப்பையெல்லாம் எழுதி மின்னஞ்சலில் பலருக்கும் அனுப்பிவிட்டுத்தான் போனான். இணையத்தில் எழுதுவது வெறும் எழுத்துத்தானே எண்டு இந்த நாட்டில் ஒரு ரீச்சர் சொல்ல முடியாது.

இதை வாசிக்கிற ஆசிரியர்களுக்குச் சில விசயம். உங்கள் நாடு இ-ட்வின்னிங்கில் இருந்தால், முதலில் சின்னதாக, ஆறு கிழமைத் திட்டம் ஒன்று தொடங்குங்கோ. எராஸ்மஸ் பிளஸ் உதவியோடு இன்னொரு நாட்டுப் பாடசாலைக்குப் போய், அங்குள்ள ஆசிரியர் வேலை செய்வதைக் கூட இருந்து பார்க்கலாம். 2 நாளிலிருந்து 60 நாள் வரை போகலாம். நீங்கள் தனியாக விண்ணப்பிக்க முடியாது, பாடசாலைதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே அதிபரோடு நேரத்தோடு கதையுங்கோ. பிரித்தானியாவில் இருக்கிறவர்களுக்கு ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு இ-ட்வின்னிங் இல்லாமல் போனது. ஆனால் ஐரோப்பியப் பேரவையின் கைநூல்களைக் கனடாவில் இருந்தாலும் அவுஸ்திரேலியாவில் இருந்தாலும் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒஸ்லோப் பிள்ளைக்கு நோர்வே மொழி, பாரிஸ் பிள்ளைக்குப் பிரெஞ்சு. இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது தமிழ். வட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை எடுத்து, இது உண்மையா எண்டு இரண்டு தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து தேடிப் பார்த்தால், தமிழுக்கும் ஒரு வேலை கிடைக்கும், பிள்ளைக்கும் புத்தி வரும். அதுக்கு இரண்டு ரீச்சர்மார் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருந்தால் போதும்.

போன மாதம் எங்கள் குடும்ப வைபர் குழுவில் அம்மா ஒரு குரல் பதிவைப் போட்டா. ஏதோ ஒரு பழம் சாப்பிட்டால் சீனி வருத்தம் அடியோடு மாறுமாம். நான் வழக்கம்போல் பேசாமல் இருந்தேன். என் மகள் எழுதினாள்: "அம்மம்மா, இது ஆர் சொன்னது? டொக்டரைக் கேட்டனீங்களோ?"

அம்மா கொஞ்ச நேரம் பதில் போடவில்லை. கோபமோ எண்டு பயந்தேன். பிறகு எழுதினா: "பிள்ளை கேக்கிறது சரிதான். இனிக் கேட்டுப் போட்டுப் போடுறன்."