பவுலும் சின்னப்பரும்: ஓர் இலத்தீன் பெயரின் தமிழ் வழக்குகள்

மக்கட்பெயர் ஒரு மொழியினின்று பிறிதொரு மொழிக்குச் செல்லுங்கால் இரு வழிகளில் செல்லும். ஒலி பெயர்ந்து செல்வது ஒன்று. பொருள் பெயர்ந்து செல்வது மற்றொன்று. ‘பவுலுஸ்’ என்னும் இலத்தீன் பெயர் இவ்விரு வழியாலும் தமிழுக்கு வந்தது. ஒலிவழி வந்தவை பவுல், பாவிலு, போல் என நின்றன. பொருள்வழி வந்தது சின்னப்பர் என்றாயிற்று. இவற்றுள் பின்னையதே ஆராயத்தக்கது. ஏனெனில், அது பிறமொழிப் பெயரென்பது அதனைத் தாங்கியோர்க்கே தோன்றாவண்ணம் தமிழாகிவிட்டது.

திருகோணமலை மாவட்டத்துக் கொட்டியாரப்பற்றில் உள்ள கிளிவெட்டி, முத்துமாரியம்மன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். இத்தகைய வயற்புறத்துச் சைவ ஊர்களிலே சின்னத்தம்பி, சின்னையா, சின்னப்பிள்ளை, சின்னாச்சி என்பன தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த பெயர்கள். அங்கு ஒருவர் சின்னப்பன் என்று கூறின், கேட்போர் சிறிய தந்தை என்றோ வீட்டுக்கு இளையவன் என்றோ கொள்வரேயன்றி உரோமாபுரியை நினையார். அப்பெயரையே வடக்கே மூதூரிலோ, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் திருகோணமலை நகரிலோ வாழும் கத்தோலிக்கர் ஒருவர் தாங்கின், அது பெரும்பாலும் திருத்தூதர் ஒருவரை நினைந்து இட்டதாகும். வடிவம் ஒன்று, பிறப்பு இரண்டு.

இலத்தீனில் ‘பவுலுஸ்’ என்பதற்குச் சிறியது, சிறியவன் என்பது பொருள். உரோமரிடையே அது குடிப்பெயராகவும் வழங்கியது. கி.மு. 216இல் கன்னே போரில் மாண்ட ஆட்சித்தலைவரும், கி.மு. 168இல் பிட்னாவில் மக்கெதோனியரை வென்ற அவர் மகனும் எமிலியக் குலத்துப் பவுலுஸ்களே. எனவே அப்பெயர் தாங்கியோர் அனைவரும் குள்ளர் எனக் கொள்ளற்க. தர்சு நகரத்துச் சவுல் மனமாறியபின் பவுல் எனப் பெயர் மாற்றிக்கொண்டார் என்று பரவலாகக் கூறப்படுவதும் பொருந்தாது. திருத்தூதர் பணிகள் 13ஆம் அதிகாரம், பவுல் எனவும் பெயர்பெற்ற சவுல் என்றே அவரைச் சுட்டுகின்றது. யூதப் பெயரும் உரோமக் குடியுரிமைக்குரிய பெயரும் அவரிடம் ஒருங்கே இருந்தன. ஆயினும், அவர் தம்மைத் திருத்தூதருள் கடையர் எனக் கூறிக்கொண்டமையால், அகுஸ்தீன் முதலிய இலத்தீன் உரையாசிரியர்கள் பெயருக்கும் பணிவுக்கும் தொடர்பு கண்டனர்.

சின்னப்பர் என்னும் ஆக்கத்தை இவ்வுரைமரபின் வழிவந்ததெனக் கருத இடமுண்டு. தமிழ்நாட்டில் உழைத்த கத்தோலிக்க மறைப்பணியாளர் பெயர்ப்பொருளைத் தமிழாக்குவதில் துணிவு காட்டினர். வீரமாமுனிவர் (1680-1747) தம் பெயராகிய கொன்ஸ்தான்சியுஸ் என்பதன் உறுதிப்பொருளைக் கொண்டு தைரியநாதர் எனப்பட்டார். வாழ்த்தப்பெற்றவர் எனப் பொருள்படும் பெனெதிக்துஸ், ஆசீர்வாதப்பர் ஆயினார். இவற்றினும் சின்னப்பர் சிறந்தமைக்குக் காரணம், அதன் இரு கூறுகளும் மக்கள் நாவில் முன்னரே இருந்தமைதான். அப்பர் என்ற அளவில் சைவர்க்குத் திருநாவுக்கரசர் நினைவுக்கு வருவர். உறவும் வணக்கமும் அச்சொல்லில் முன்னமே கலந்திருந்தன.

ஒலிவழி வந்தவற்றுள் பாவிலு, போர்த்துக்கேயரின் ‘பவுலோ’வைத் தழுவியது, பாவிலுப்பிள்ளை என்னும் பெயர் ஈழத்துக் கத்தோலிக்கரிடை அறியப்பட்டதே. சீர்திருத்தச் சபையார் வேதாகமத்தில் பவுல் என்றனர். ஆங்கிலவழி வந்த வடிவம் தமிழ்நாட்டில் பால் எனவும் ஈழத்தில் போல் எனவும் எழுதப்படுகின்றது. முன்னது கறந்த பாலோடும், பின்னது உவம உருபோடும் மயங்கும் என்பதை ஆசிரியர் நன்கறிவர்.

திருத்தந்தையர் அறுவர் இப்பெயர் பூண்டனர். அவருள் ஆறாம் பவுல் 1970 டிசம்பர் 4ஆம் நாள் கட்டுநாயக்காவில் இறங்கினார். 1978இல் யோவான், பவுல் என்னும் இரண்டும் ஒரே திருத்தந்தைப் பெயராக முதன்முறை இணைந்தன. இரண்டாம் யோவான் பவுல் 1986இல் சென்னைக்கும் 1995இல் கொழும்புக்கும் வந்தார். ஜோன்போல் என்னும் பெயர் நம்மவரிடை இடம்பெற்றமைக்கு இவ்விரட்டைப் பெயரே தோற்றுவாய் எனலாம்.

அந்த 1995ஆம் ஆண்டிலேயே வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில், கத்தோலிக்கர் நெடுங்காலம் வழங்கிய சின்னப்பர், இராயப்பர், அருளப்பர் என்பன நீங்கிப் பவுல், பேதுரு, யோவான் என்பன நின்றன. சபைகள் ஒரே நூலை ஓதுதற்கு இது வேண்டியதே. எனினும், பொருள் விளங்கிய பெயர் போய் ஒலி மட்டும் எஞ்சியது என்பதையும் கூறாதிருத்தல் இயலாது. பவுல் எனப் பெயரிடப்படும் குழந்தையின் பெயர்ப்பொருளை அதன் பாட்டியால் இன்று சொல்ல முடியாது. சின்னப்பனுக்கு அதனைச் சொல்லவே வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மட்டும் வனத்துச் சின்னப்பர் இன்றும் அப்பெயரோடே வணங்கப்படுகின்றார். அவர் எகிப்தியப் பாலைவனத்தில் தவம்புரிந்த வேறொரு பவுல். அவர் பெயர் விவிலியத்தில் இல்லை. ஆதலின் திருத்தத்துக்கும் உட்படவில்லை.