பனி மூடிய எரிமலையில் ஏறப் போகிறானாம் பிள்ளை!

"டாக்டர், குளிர் தாங்கறதுக்கு நல்ல லேகியமா ஒண்ணு கொடுங்க. கூரியர்ல அனுப்பணும்" என்றபடி வந்து உட்கார்ந்தார் அந்த அம்மா. பல வருஷமாக மூட்டு வலிக்கு என்னிடம் வருகிறவர். மகனுக்கு அமெரிக்காவில், போர்ட்லாண்ட் நகரில் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்க்கும் நண்பனோடு மே மாதம் இரண்டு மலை ஏறப் போகிறானாம்.

"சும்மா மலை இல்ல டாக்டர், எரிமலையாம். மேல முழுக்கப் பனியாம். நெருப்பு மலையில எப்படிப் பனி இருக்கும்?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் காஸ்கேட் என்றொரு மலைத்தொடர். அதில் வரிசையாக எரிமலைகள். பையன் தேர்ந்தெடுத்தவை செயின்ட் ஹெலன்ஸ் (8,363 அடி), ஆடம்ஸ் (12,276 அடி). முதல் மலை 1980 மே 18 அன்று வெடித்து 57 பேரைப் பலிகொண்டது. மலையே 1,300 அடி குட்டையாகிவிட்டது! நெருப்பு இருப்பது ஆழத்தில். உச்சியில் வீசுவது குளிர்காற்று. ஆகவே குளிர்காலம் முழுக்கக் கொட்டிய பனி அப்படியே கிடக்கும். கோடையில் பனி கரைந்தால் வெறும் சாம்பலும் சரளையும்தான். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். வசந்த காலத்தில் பனி இரவில் இறுகி, கால் வைக்கத் தோதாக இருக்கும். அதனால்தான் நள்ளிரவில் கிளம்பி, வெயில் ஏறிப் பனி இளகுவதற்குள் இறங்கிவிடப் பார்க்கிறார்கள். மே மாத அன்னையர் தினத்தன்று செயின்ட் ஹெலன்ஸ் மலையில் ஆண்கள்கூட கவுன் மாட்டிக்கொண்டு ஏறுவது ஒரு வழக்கம். இதைச் சொன்னதும்தான் அந்த அம்மா முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

லேகியம் கொடுத்தேனா?

கொடுக்கவில்லை. மாணவனாக இருந்தபோது மூலிகை பார்க்கப் பொதிகை மலை ஏறியவன் நான். சுமார் 6,100 அடி. அதற்கே மூச்சு வாங்கியது! நம் தொட்டபெட்டா 8,650 அடி. செயின்ட் ஹெலன்ஸ் அதைவிடச் சற்றுக் குறைவுதான்; அங்கே பயம் உயரத்தால் அல்ல. உச்சியில் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் பனி, வீட்டுத் தாழ்வாரம் மாதிரி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். தரை என்று நம்பிக் கால் வைத்தால் போச்சு. 2010-ல் அப்படி ஒருவர் உள்ளே விழுந்து இறந்தார்.

ஆடம்ஸ் மலை வேறு விஷயம். மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைவதில்லை; எங்கும் 100-க்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தம். ஆடம்ஸ் உச்சியில் அது கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடையாது. ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைப்பதும் அந்த அளவே. போர்ட்லாண்ட் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் உள்ள ஊர். வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் காரில் கிளம்பி, சனி, ஞாயிறில் உச்சி தொட்டுத் திரும்புகிறார்கள். உயரத்துக்குப் பழக உடம்புக்குச் சில நாட்களாவது வேண்டாமா?

8,000 அடிக்கு மேல் போனால் பலருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வரும். பெரும்பாலும் இதோடு சரி. அபூர்வமாகச் சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கும், அல்லது மூளை வீங்கும். நுரையீரலில் நீர் கோத்தால் முதலில் வறட்டு இருமல்தான். 'சளி பிடிச்சிருக்கு' என்று தாளிசாதி சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் உடனே கீழே இறங்க வேண்டும். சித்த மருத்துவன் நான் சொல்கிறேன், இதற்கு என் பெட்டியில் மருந்து கிடையாது. முன்கூட்டியே சாப்பிட ஆங்கில மருத்துவத்தில் அசெட்டசோலமைடு மாத்திரை உண்டு. அதையும் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சாப்பிட வேண்டும்.

தன் நிலை தனக்கே தெரியாது!

அந்தப் பையனிடம் போனில் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். குளிரில் முதலில் உடம்பு வெடவெடவென நடுங்கும். அது நல்லது; உடம்பு சூடு உண்டாக்கிக்கொள்கிறது. உடம்பின் வெப்பம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி, இன்னும் குறையும்போது நடுக்கம் நின்றுவிடும். ஆள் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். மூளை மந்தமாகிவிட்டது, அதுகூடத் தெரியவில்லை! போர்ட்லாண்ட் பக்கத்திலேயே ஹூட் என்ற இன்னொரு எரிமலை. 1986 மே மாதம் அங்கே ஏறிய பள்ளிக் குழுவொன்று பனிப்புயலில் சிக்கிக்கொண்டது. பனியில் குகை தோண்டி ஒதுங்கியும் 9 பேர் இறந்தார்கள். வசந்தம்தானே என்று அலட்சியமாகப் போகக்கூடாது.

ஹூட் மலை உச்சிக்குச் சற்றுக் கீழே கந்தக வாயு கக்கும் துவாரங்கள் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. 'வாடை போயிடுச்சு' என்று பனிக்குழிக்குள் இறங்கினால் ஆபத்து.

ஆகவே, "தம்பி, உன்னை நீ பார்த்துக்க முடியாது. உன் நண்பனை நீ பாரு, உன்னை அவன் பார்க்கட்டும்" என்றேன். மணிக்கொருதரம் பேச்சுக் கொடுக்க வேண்டும். நாக்குக் குழறுகிறதா, கையுறையைக் கழற்றி மாட்டத் தடுமாறுகிறானா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா என்று கவனிக்க வேண்டும். குதிகாலோடு மறுகால் விரல் தொடும்படி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்ல வேண்டும். தள்ளாடினால் கூடவே இறங்கிவிட வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது. யார் 'இறங்கு' என்றாலும் மற்றவன் எதிர்த்துப் பேசக் கூடாது. இதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

'குளிருக்கு பிராந்தி' என்பது சினிமாக் கதை. தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடுபோலத் தெரியும், உள்சூடுதான் வெளியேறும். ஃப்ளாஸ்க்கில் சுக்கு வெந்நீர், பையில் வேர்க்கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் இருக்கட்டும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். காலில் இரும்பு முள் மாட்டியபடி பனியில் உட்கார்ந்து சறுக்கி இறங்கக் கூடாது; முள் மாட்டிக் கணுக்கால் முறியும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. புதுப்பனி, வெயிலின் புற ஊதாக் கதிரில் 100-க்கு 80 பங்கு வரை திருப்பி அடிக்கும்.

ஜூன் மாதம் அந்த அம்மா வந்தார். செயின்ட் ஹெலன்ஸ் ஏறியாகிவிட்டது. ஆடம்ஸில் உச்சிக்குச் சுமார் 600 அடி பாக்கி இருக்கும்போது நண்பன் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டானாம். "குடிகாரன் மாதிரி நடந்தானாம் டாக்டர். ரெண்டு பேருக்கும் அங்கேயே சண்டை. கீழ வந்ததும் தலைவலி விட்டுப்போச்சாம். இப்பவும் அந்தப் பிள்ளைகிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருக்கான்."

போட்டோவுக்காகக் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறான் போலிருக்கிறது. அன்று ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல எரிச்சல். நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்லலாமா என்று அம்மா அப்போதே போனில் கேட்டிருந்தார். "எதையும் விட வேண்டாம். இருட்டறையில் படுத்து, குளிர்ந்த ஈரத்துணி போடட்டும். கசக்கக் கூடாது. காலையில் கண் டாக்டரைப் பார்க்கட்டும்" என்றேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டதாம்.

"அடுத்த வருஷம் மறுபடி அதே மலைக்குப் போறானாம் டாக்டர்."

"யாரோட?"

"அதே பிள்ளையோடதான்."

அப்படியானால் போகட்டும் என்றேன்.