திராட்சை மதுத் தொழிலும் சமூக நிலைபேற்றின் அளவுகோலும்

ஓர் உற்பத்தித் துறை நிலைபேறுடையதா எனத் துணிவதற்கு மண், நீர், இரசாயனம் ஆகியவற்றை அளந்தாற் போதாது. அத்துறையில் உழைப்போரின் வாழ்வும் அளக்கப்படல் வேண்டும். முன்னதை லீற்றரிலும் கிலோகிராமிலும் கூறிவிடலாம். பின்னதை எதனால் அளப்பது? தென்னாபிரிக்கத் திராட்சை மதுத் தொழிலை முன்னிறுத்தி இவ்வினாவை ஈண்டு நோக்குவோம்.

கேப் பிரதேசத்தின் ஒல்லாந்தக் குடியேற்றத்தில் 1659இல் முதன்முதலாகத் திராட்சை மது உற்பத்தியாயிற்று. அடிமை உழைப்பின்மீது எழுந்த இத்தொழில், கூலியின் ஒரு பகுதியை மலிவான மதுவாகவே வழங்கும் 'டொப்' முறையை வளர்த்தது. 1960களில் சட்டம் தடைசெய்த பின்னரும் அது நெடுங்காலம் நீடித்தது. தாயின் மதுப் பழக்கத்தாற் கருவிலேயே பாதிப்புறும் குழந்தைகளின் விகிதம் மேற்குக் கேப் மாகாணத்தில் இன்றும் மிக உயர்வாயிருப்பதற்கு இம்முறையும் ஒரு காரணமாகும். 'டொப் ஒழிந்ததா?' என்று மாத்திரம் வினவும் அளவுகோல் இவ்வெச்சத்தைக் காணாது.

இத்தொழிலில் சூழல் பேணலுக்கான திட்டம் 1998இல் ஏற்பட்டது. தொழில் நிலைமைகளைச் சோதித்துச் சான்று வழங்கும் 'வியெற்றா' அமைப்பு 2002இலேயே தோன்றியது. உற்பத்தியாளருடன் தொழிற்சங்கங்களும் அதில் இடம்பெற்றமை முற்போக்கானதே. ஆயினும், மேற்குக் கேப்பின் பழ, மதுப் பண்ணைகள் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2011இல் வெளியிட்ட அறிக்கை, வாழத் தகாத வீடுகளையும், காப்புடையின்றிப் பீடைநாசினிக்கு ஆளாதலையும், சங்கம் அமைப்பதற்கிருந்த தடைகளையும் வெளிப்படுத்தியது.

அடுத்த ஆண்டு நவம்பரில், உண்பதற்கான திராட்சை விளையும் டி டூர்ன்ஸ் பகுதியில் வேலைநிறுத்தம் வெடித்து மாகாணத்தின் பிற பண்ணைகளுக்கும் பரவியது. அன்று சட்டம் விதித்த ஆகக்குறைந்த நாட்கூலி 69 றாண்ட். தொழிலாளர் கோரியது 150. 2013 மார்ச்சு முதல் கிடைத்தது 105. 'சட்டப்படி கூலி வழங்கப்படுகிறதா?' என்ற வினாவுக்கு, 69 றாண்ட் வழங்கிய பண்ணையும் முழுப் புள்ளி பெற்றிருக்கும். அக்கூலியில் வாழவியலாது என்றே தொழிலாளர் வீதிக்கு இறங்கினர். சட்டத்துக்கு அமைதல் வேறு, வாழ்வுக்குப் போதுதல் வேறு என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

எனவே கூலியைக் குடும்பச் செலவுடன் ஒப்பிட்டே அளத்தல் வேண்டும். நிரந்தரத் தொழிலாளரோடு, அறுவடைக் காலத்தில் ஒப்பந்தகாரர் ஊடாக வருவோரும் கணக்கில் அடங்குதல் வேண்டும். வீட்டுரிமை கணவனின் வேலையோடு பிணைக்கப்பட்டிருப்பின், பெண்ணின் நிலை தனியே பதியப்படல் வேண்டும். உடைமையாளர் இல்லாத இடத்திற் தொழிலாளர் பேசக் கேட்டல் வேண்டும்.

எவற்றை அளப்பது என்பதை உழைப்போரும் சேர்ந்து தீர்மானிக்காத வரை, போத்தலில் ஒட்டப்படும் சான்று முத்திரை வாங்குவோரின் மனச்சாட்சிக்கு ஆறுதல் தருமேயன்றி, கொடி வளர்ப்போரின் வாழ்வுக்குச் சான்றாகாது என்பதே எமது துணிபு.